கணினி மின்வழங்கியின் கேபிள்களை நீட்டுதல்

முடிந்த பொருளாகக் கடையில் விற்கும் கணினியை வாங்காது, உறுப்புக்களைத் தனித்தனியே தெரிந்தெடுத்துத் தாமே கூட்டியமைக்கும் வழக்கம் இக்காலத்து மாணவரிடையே பெருகி வருதல் கண்கூடு. செயலி, தாய்ப்பலகை, நினைவகம், கிராபிக்ஸ் கார்டு முதலியவற்றைத் தெரிவதில் நாட்கணக்காக ஆராயும் அவர்கள், அவற்றுக்கெல்லாம் உயிரூட்டும் மின்வழங்கியைப் பற்றியும் அதன் கேபிள்களைப் பற்றியும் சிந்திப்பது, பெரும்பாலும் எல்லாவற்றையும் வாங்கி முடித்த பின்னரேயாம். உறுப்புக்களைப் பெட்டியிற் பொருத்திய பிறகுதான், தாய்ப்பலகையின் மேல்மூலையிலுள்ள எட்டு முனைக் கனெக்டருக்கு வரவேண்டிய கேபிள் நான்கு விரற்கடை குறைவாய் நிற்பது தெரியவரும்.

அக்குறை நேர்வதற்குக் காரணம் உண்டு. கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்கும் மின்வழங்கி முன்னாளில் பெட்டியின் மேற்பகுதியில் இருந்தது. செயலிக்கு மின்சாரம் செல்லும் கனெக்டரும் அதனையடுத்தே இருந்தது. இக்காலப் பெட்டிகளிற் பெரும்பாலானவற்றில் மின்வழங்கி அடித்தளத்துக்கு இறங்கிவிட்டது. கனெக்டரோ மேலேயே நின்றுவிட்டது. முழு ஏடிஎக்ஸ் அளவுள்ள தாய்ப்பலகை 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது. கேபிள் நேரே செல்லாது, அப்பலகையைத் தாங்கும் தகட்டின் பின்புறமாகச் சுற்றி, மேல்விளிம்பிலுள்ள துளை வழியே முன்புறம் வரவேண்டும். பெட்டி பெரிதாயின் 65 சென்டிமீட்டர்க் கேபிளும் எட்டாது போதல் வியப்பன்று. அழகு கருதிக் கேபிளை நீட்டுவாரும் உளர். அவர்கள் மின்வழங்கியின் கருநிறக் கேபிள்களின் நுனியில் வண்ணநூலுறை போர்த்த நீட்டிப்புத் துண்டுகளை மாட்டிப் பெட்டியின் கண்ணாடிப் பக்கத்தின் வழியே காட்சிக்கு வைப்பர். நோக்கம் எதுவாயினும் செயல் ஒன்றே: முன்பே உள்ள கேபிளோடு மற்றொரு கேபிளைத் தொடுத்தல்.

இச்செயலைப் பற்றி இருவேறு கொள்கைகள் வழங்குகின்றன. கேபிளை நீட்டினால் மின்னழுத்தம் குறைந்து கணினி கெடும், ஆதலின் ஒருபோதும் நீட்டலாகாது என்பார் ஒரு சாரார். செம்பு செம்புதானே, எத்துணை நீண்டால் என்ன என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் பென்சிலும் தாளும் எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தவரல்லர். கணக்கிடுவோமாயின், 30 சென்டிமீட்டர்ச் செப்புக்கம்பி விளைக்கும் தீங்கு சிறிதென்பதும், கம்பியும் கம்பியும் சந்திக்கும் இடமே நாம் அஞ்சவேண்டியதென்பதும் புலனாகும். அதனையே ஈண்டு ஆராய்வாம்.

முதலில் மின்வழங்கி செய்யும் தொழிலை நோக்குவாம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை அது வாங்கி, 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்னும் மூவகை நேர்மின்னோட்டமாக மாற்றித் தருகின்றது. 1995-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் வகுத்த ஏடிஎக்ஸ் முறையில் தாய்ப்பலகைக்குச் செல்லும் பெரிய கனெக்டர் 20 முனைகளை உடையதாயிருந்தது; 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது 24 முனைகளாயிற்று. கம்பிகளின் நிறத்துக்கும் ஒரு முறை உண்டு. மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கறுப்பு மின்னோட்டம் திரும்பி வரும் வழி. பச்சை மின்வழங்கியை விழிக்கச் செய்வது. ஊதா, கணினி உறங்கும்போதும் உயிரோடிருக்கும் 5 வோல்ட். சாம்பல், மின்சாரம் நன்னிலையில் உள்ளதென்று தாய்ப்பலகைக்கு அறிவிப்பது. நீலம், எதிர்மின் 12 வோல்ட். ஆனால் இக்கால மின்வழங்கிகள் பலவற்றில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே வருதலின், நிறத்தை மட்டும் நம்பி வேலை செய்வார்க்கு இடர் நேரும். முனையின் எண்ணே உறுதியான அடையாளம்.

ஏடிஎக்ஸ் முறையில் நெடுநாளாக வழங்கிவந்த விதியின்படி இம்மூன்று அழுத்தங்களும் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை ஏறவும் இறங்கவும் கூடும். எனவே 12 வோல்ட் 11.40 வரையும், 5 வோல்ட் 4.75 வரையும், 3.3 வோல்ட் ஏறக்குறைய 3.14 வரையும் இறங்கலாம். அதாவது 12 வோல்ட் வழியில் நாம் இழக்கத்தக்கது 600 மில்லிவோல்ட். இதுவே நம் கைமுதல். மின்வழங்கியின் சொந்தக் கேபிள், கனெக்டர்கள், நாம் சேர்க்கும் நீட்டிப்பு ஆகிய யாவும் இம்முதலுக்குள் அடங்க வேண்டும்.

வீட்டில் மின்விசிறிக்கோ மேசைவிளக்கிற்கோ பல மீட்டர் நீளமுள்ள எக்ஸ்டென்ஷன் கம்பியை இழுத்துப் பழகியவர்க்கு, ஒரு சாண் கேபிளைப் பற்றி இத்துணைக் கணக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆண்டுள்ள வேறுபாடு இது. 240 வாட் ஆற்றலை 230 வோல்ட்டில் அனுப்பினால் கம்பியிற் செல்வது ஏறக்குறைய 1 ஆம்பியர்; அதே ஆற்றலை 12 வோல்ட்டில் அனுப்பினால் செல்வது 20 ஆம்பியர். அரை வோல்ட் இழப்பு 230 வோல்ட்டில் ஒரு பொருட்டன்று; 12 வோல்ட்டிலோ அது நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேலாகும். அழுத்தம் குறைந்த இடத்தில் ஓட்டம் மிகும். ஓட்டம் மிகுந்த இடத்தில் சிறு தடையும் பெருங்குறையாகும்.

இனிக் கம்பியின் தடையைக் காண்பாம். கம்பியின் பருமனைக் குறிக்க அமெரிக்கக் கம்பி அளவு என்னும் எண்முறை வழங்குகின்றது, ஏ.டபிள்யூ.ஜி. என்று கேபிளின் மேலேயே அச்சிட்டிருப்பர். இதில் எண் சிறிதானால் கம்பி பருமன். எண் பெரிதானால் கம்பி மெலிது. முதன்முறை காண்பார்க்கு இது தலைகீழாகத் தோன்றும். எண் மூன்று கூடினால் செம்பின் குறுக்குப்பரப்பு ஏறக்குறையப் பாதியாகும் என்பதை மட்டும் நினைவிற் கொண்டாற் போதும். 16 எண் கம்பியின் ஒரு மீட்டருக்குத் தடை ஏறக்குறைய 13 மில்லி ஓம்; 18 எண்ணுக்கு 21; 20 எண்ணுக்கு 33; 22 எண்ணுக்கு 53. நல்ல மின்வழங்கிகளின் முக்கியக் கேபிள்கள் பெரும்பாலும் 18 எண்ணாகவோ, அதனினும் பருத்த 16 எண்ணாகவோ இருக்கும். மலிவான நீட்டிப்புக் கேபிள்களில் 20, 22 எண்களும் தலைகாட்டும். வண்ண உறையின் தடிப்பு உள்ளே இருக்கும் செம்பின் தடிப்பன்று.

செயலிக்குரிய எட்டு முனைக் கனெக்டரையே எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு கம்பிகள் 12 வோல்ட்டைக் கொண்டு செல்வன. நான்கு திரும்பி வருவன. அதன் வழியே 240 வாட் செல்வதாகக் கொண்டால், 20 ஆம்பியர் நான்காகப் பகிர்ந்து, கம்பி ஒன்றுக்கு 5 ஆம்பியர் ஆகும். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள 18 எண் கம்பியின் தடை 6.3 மில்லி ஓம். ஜார்ஜ் ஸைமன் ஓம் 1827-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிப்படி ஓட்டத்தைத் தடையாற் பெருக்க, போகும் வழியில் ஏறக்குறைய 31 மில்லிவோல்ட் இழப்பு. திரும்பும் வழியிலும் அத்துணையே. ஆக 63 மில்லிவோல்ட். நம் கைமுதலான 600-ல் இது பத்தில் ஒரு பங்கினும் சிறிதே மிகுதி. இக்கம்பியிற் பிறக்கும் வெப்பமும் அற்பமே. ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கினால் கம்பி ஒன்றுக்கு ஏறக்குறைய 0.16 வாட், அதுவும் 30 சென்டிமீட்டர் முழுவதும் பரவிக் காற்றிற் கலந்துவிடும். நீளத்தைக் கண்டு நடுங்குவார் கூற்று இவ்விடத்தில் வலியிழந்து போகின்றது.

அற்றேல் அபாயம் எங்கே எனின், நீட்டிப்பு ஒன்றைச் சேர்க்கும்போது கம்பி மட்டுமன்று, ஓர் இணைப்பும் கூடுகின்றது. இக்கனெக்டர்கள் மோலெக்ஸ் நிறுவனத்தாரின் மினிஃபிட் ஜூனியர் என்னும் வகையைச் சார்ந்தவை. முனைக்கு முனை 4.2 மில்லிமீட்டர் இடைவெளி உடையவை. ஆண்முனையும் பெண்முனையும் பொருந்தும் இடத்தில் புதுநிலையில் 10 மில்லி ஓம் வரை தடை இருக்கலாம் என்பது அவற்றிற்கு வகுத்த மேல்வரம்பு. நல்ல இணைப்பில் இதனினும் மிகக் குறைவாகவே இருக்கும்; ஆயினும் கணக்குக்கு மேல்வரம்பையே கொள்வது அறிவுடைமை. 5 ஆம்பியருக்கு 10 மில்லி ஓம் என்றால் 50 மில்லிவோல்ட். போக்கும் வரவும் சேர்த்து 100. 30 சென்டிமீட்டர்க் கம்பி முழுவதும் இழந்தது 63. சிறுவிரல் நகத்தளவு இணைப்பொன்று இழக்கக்கூடியது 100! வெப்பமோ முனை ஒன்றுக்கு 0.25 வாட். அது பரவ இடமின்றிப் பிளாஸ்டிக் கூட்டின் நடுவே ஒரு புள்ளியிற் குவியும்.

இதன் உண்மையை ராக்னர் ஹோம் என்னும் அறிஞர் மின்தொடுகைகளைப் பற்றி 1946-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இரண்டு உலோகப் பரப்புக்கள் ஒன்றோடொன்று பொருந்தியிருப்பதாக நம் கண்ணுக்குத் தோன்றினும், அவை உள்ளபடி தொடுவது மிகச்சில நுண்ணிய புள்ளிகளிலேயாம். மலைத்தொடர் ஒன்றைத் தலைகீழாக்கி மற்றொன்றின்மேல் வைத்தால் சிகரங்கள் சிலவே முட்டுமன்றோ, அதனை ஒக்கும். மின்னோட்டம் முழுவதும் அப்புள்ளிகளின் வழியே நெருங்கிச் செல்லவேண்டும். வில் போன்ற முனையின் அழுத்தம் தளர்ந்தாலும், பரப்பில் துரு ஏறினாலும், அப்புள்ளிகளின் தொகை குறையும்; தடை ஏறும்; தடை ஏற வெப்பம் ஏறும்; வெப்பம் ஏற வில் மேலும் தளரும். இச்சுழல் ஒருமுறை தொடங்கினால் தானாக நிற்பதில்லை. கனெக்டர் பழுப்பேறி உருகும் வரலாறு இதுவே.

மொத்தக் கணக்கையும் ஒருமுறை கூட்டிப் பார்ப்போம். மின்வழங்கியின் சொந்தக் கேபிள் 65 சென்டிமீட்டர், 18 எண் கம்பி; இழப்பு 136 மில்லிவோல்ட். நீட்டிப்பு 63. தாய்ப்பலகையில் ஓர் இணைப்பு, நடுவில் ஓர் இணைப்பு, ஆக 200. மொத்தம் 399. மின்வழங்கியின் வாயிலில் சரியாக 12.00 வோல்ட் இருப்பின் பலகையில் 11.60 கிடைக்கும், வரம்புக்குள்ளேயே நிற்கின்றோம். நீட்டிப்பு 22 எண் கம்பியாயின் அதன் இழப்பு மட்டும் 159 ஆகி, பலகையில் 11.50 நிற்கும். அஃதும் வரம்புக்குள்ளேதான், ஆனால் வயிறு இளைத்த நிலை. ஒன்று போதாதென்று 22 எண் நீட்டிப்புக்கள் இரண்டைத் தொடுத்தாலோ, கம்பியின் இழப்போடு மூன்றாவது இணைப்பும் கூடி, மொத்தம் 754 ஆகும். 11.25 வோல்ட் விதிக்குப் புறம்பு. கணினி உடனே நின்றுபோகும் என்பதன்று. பெருஞ்சுமை ஏறும் கணத்தில் காரணமின்றி மீண்டும் தொடங்குதல், விளையாட்டின் நடுவே திரை இருளுதல் முதலிய குற்றங்கள் தோன்றும். அப்போது நினைவகத்தையும் மென்பொருளையும் பழிப்பாரேயன்றிக் கேபிளை ஐயுறுவார் அரியர்.

ஒரு நீட்டிப்பு, 18 எண்ணுக்குக் குறையாத செம்பு, 30 சென்டிமீட்டர்: இந்த அளவில் நிற்பவர்க்கு அச்சமில்லை என்பது கணக்கின் தீர்ப்பு. செம்பு என்று யாம் கூறியதும் கருதற்பாலது. அலுமினியத்தின்மேல் செம்பைப் போர்த்திய கம்பியும் சந்தையில் உண்டு. அதன் மின்கடத்தும் ஆற்றல் தூய செம்பினதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. எண் 18 என்று அச்சிட்டிருப்பினும் அது 20 எண் செம்புக்கு நிகராகவே உழைக்கும். கையில் எடுத்தால் எடை குறைந்திருத்தலும், நுனியைச் சுரண்டினால் வெள்ளை தோன்றுதலும் அதன் அடையாளம். சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ கேபிளை நேரிற் கண்டு வாங்குவோர்க்கு இச்சோதனை எளிது. படத்தைப் பார்த்து வாங்குவோர்க்கு அவ்வாய்ப்பில்லை.

கிராபிக்ஸ் கார்டுகளுக்கு வரும்போது சிக்கல் மிகுகின்றது. பழைய முறையில் ஆறு முனைக் கனெக்டர் 75 வாட்டும், எட்டு முனைக் கனெக்டர் 150 வாட்டும் தருவதற்கு உரியவை. 150 வாட்டை மூன்று கம்பிகள் பகிர்ந்துகொள்ள, ஒன்றுக்கு ஏறக்குறைய 4.2 ஆம்பியர், முற்கூறிய கணக்கே இதற்கும் பொருந்தும். ஆயின் 2022-ஆம் ஆண்டில் என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டோடு பரவிய 12வி.எச்.பி.டபிள்யூ.ஆர். என்னும் சிறிய கனெக்டர் 600 வாட் வரை ஏற்கவல்லது. அதில் 12 வோல்ட்டுக்கு ஆறு முனைகளே. இடைவெளி 3 மில்லிமீட்டர். 50 ஆம்பியரை ஆறாற் பங்கிட்டால் முனை ஒன்றுக்கு 8.3. அம்முனைகள் தாங்கத்தக்க அளவோ ஒன்பதைச் சற்றே கடந்தது. ஒரு முனை மட்டும் சரியாகத் தொடாது போயின், எஞ்சிய ஐந்தும் 10 ஆம்பியர் வீதம் சுமக்க நேரும்; வரம்பு கடந்துவிட்டது. அவ்வாண்டின் இறுதியில் உருகிய கனெக்டர்களின் செய்திகள் பல நாடுகளிலிருந்தும் வந்தன. கனெக்டர் முழுதும் உட்செல்லாமல் நின்றது முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. 2023-ல் அதனைத் திருத்தி 12வி-2×6 என்னும் வடிவை அமைத்தனர். அதில் உணர்முனைகளைக் குட்டையாக்கினமையால், கனெக்டர் முழுதும் பொருந்தினாலன்றிக் கார்டு மின்சாரத்தைக் கேளாது.

இவ்வகைக் கனெக்டருக்கு நீட்டிப்புப் பூட்டுதல் வேண்டா என்பதே எம் கருத்து. பழைய எட்டு முனைகளில் இருந்த தாராளம் இதில் இல்லை. ஓர் இணைப்பு இரண்டாகும்போது முழுதும் பொருந்தாமைக்குரிய வாய்ப்பும் இரண்டாகின்றது. நீளம் வேண்டுமாயின், அம்மின்வழங்கிக்கென்றே செய்த நீண்ட கேபிளை முனை முதல் முனை வரை ஒன்றாக இடுவதே தக்கது. கனெக்டரிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை கேபிளை வளைக்கலாகாது என்று கேபிள் செய்வோர் சிலர் அறிவுறுத்துவதும் இதுபற்றியே. வளைவு முனைகளை ஒரு பக்கமாக இழுத்துத் தொடுகையைக் கெடுக்கும்.

அம்மின்வழங்கிக்கென்றே செய்த கேபிள் என்றோம். இச்சொற்றொடரை இலேசாகக் கொள்வார் பொருளிழப்பர். ஆதலின் சிறிது நின்று விளக்குவாம். கேபிள்களைக் கழற்றி மாட்டத்தக்க மின்வழங்கிகளில் ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனைப்புறங்கள் உண்டு. தாய்ப்பலகையையோ வட்டியக்கியையோ நோக்கிய புறம் உலகமெங்கும் ஒரே ஒழுங்கினது. மின்வழங்கியை நோக்கிய புறத்துக்கோ எவ்விதப் பொது ஒழுங்கும் இல்லை. ஒரு நிறுவனத்தார் 12 வோல்ட் வைத்த குழியில் மற்றொருவர் 5 வோல்ட் வைப்பர்; ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளுக்குள்ளும் வேறுபாடு காணப்படும். கனெக்டரின் வடிவம் ஒத்திருத்தலால் பிற கேபிளும் இனிதே பொருந்தும். விசையைத் தட்டிய கணத்தில் 5 வோல்ட் எதிர்பார்த்த வட்டியக்கிக்குள் 12 வோல்ட் பாயும். பழைய மின்வழங்கியை மாற்றும்போது கேபிள்களைக் கழற்றச் சோம்பி, புதியதில் அவற்றையே செருகி, ஆண்டுக்கணக்கிற் சேர்த்த எழுத்தும் படமும் அடங்கிய வட்டியக்கியை இழந்தார் பலர்.

நீட்டிப்புக் கேபிளுக்கு இவ்விடர் இல்லை. அது பொது ஒழுங்குள்ள புறத்திலேயே தொடுக்கப்படுவது. எந்நிறுவனத்தார் மின்வழங்கியாயினும் ஒரே நீட்டிப்பு உதவும். இணைப்பொன்று கூடும் என்னும் குறையைப் பொறுத்துக்கொண்டு நீட்டிப்பைப் பலரும் நாடுவதற்கு இதுவே நியாயமான காரணம். ஆயினும் செயலியின் எட்டு முனையையும் கிராபிக்ஸ் கார்டின் எட்டு முனையையும் ஒன்றென மயங்கலாகாது. ஒன்றில் 12 வோல்ட் நிற்கும் வரிசையில் மற்றதில் திரும்பும் கம்பிகள் நிற்கும். குழிகளுட் சிலவற்றைச் சதுரமாகவும் சிலவற்றை மூலை செதுக்கியும் அமைத்தது இம்மயக்கத்தைத் தடுத்தற்பொருட்டே. வலிந்து அழுத்தினால்தான் நுழையும் என்றால், கையின் வலிமையைக் காட்டாது, மாட்டுவது இன்னதென்று மீண்டும் பார்க்க.

24 முனைக் கனெக்டரில் ஒரு நுட்பம் உண்டு. அதன் 13-ஆம் முனையில் 3.3 வோல்ட்டின் ஆரஞ்சுக் கம்பியோடு மெல்லிய பழுப்புக் கம்பி ஒன்றும் சேர்ந்து வரும். மின்சாரத்தைத் தருவது அதன் வேலையன்று. கனெக்டரின் நுனியில் அழுத்தம் எவ்வளவு உள்ளது என்று மின்வழங்கிக்கு ஒற்றுச் சொல்வதே அதன் வேலை. கேபிளில் இழப்பு நேரின் மின்வழங்கி அதனை அறிந்து சிறிது உயர்த்தித் தரும். 3.3 வோல்ட்டில் கைமுதல் 165 மில்லிவோல்ட்டே ஆதலின் இவ்வேற்பாடு. நீட்டிப்பைத் தொடுத்தால் அவ்வொற்றன் பழைய நுனியிலேயே நின்றுவிடுவான். அதற்கப்பால் நேரும் இழப்பை அவன் அறியான். இக்காலத் தாய்ப்பலகைகள் 3.3 வோல்ட்டில் வாங்கும் ஓட்டம் சிறிதாதலின் ஒரு நீட்டிப்பால் தீங்கில்லை. எட்டு ஆம்பியரை நான்கு கம்பிகள் பகிரின், போகும் வழியில் கம்பியும் இணைப்பும் சேர்ந்து 33 மில்லிவோல்ட் போலக் குறையும். ஆனால் கனெக்டரையே வெட்டியெறிந்து கம்பிகளை ஒட்டி நீட்டுவார், இப்பழுப்புக் கம்பியைப் பயனற்றதென விட்டுவிடின், மின்வழங்கி ஒழுங்காக இயங்காது. அதனையும் உடன் நீட்டி, புதிய நுனியில் ஆரஞ்சோடு சேர்த்தல் வேண்டும்.

தாமே கேபிள் செய்ய விரும்புவார்க்குச் சில கூறுவாம். கம்பியின் நுனியில் முனையைப் பொருத்துதற்குக் கிரிம்பிங் என்னும் நெரித்துப் பிடிக்கும் முறையே ஏற்றது. முனையின் வாலில் இரண்டு இணைச் சிறகுகள் இருக்கும். முன்னுள்ள இணை செப்பிழைகளைப் பற்றும். பின்னுள்ள இணை மேலுறையைப் பற்றி, இழுப்பும் அசைவும் செம்பைத் தாக்காது காக்கும். அதற்குரிய குறடு கொண்டு ஒருமுறை முழுதும் அழுத்தினால் இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி ஏறக்குறைய ஒரே திண்மமாகும். சாதாரணக் குறட்டால் நசுக்கியது அவ்வாறு ஆகாது. உள்ளே காற்றிடம் நின்று, நாளடைவில் அவ்விடத்திலேயே தடை பிறக்கும். செய்த முனை ஒவ்வொன்றையும் கையால் உறுதியாக இழுத்துப் பார்த்தல் வேண்டும். அப்போதே கழன்று வருவது வந்துவிடுதல் நல்லது. ஈயப் பற்றாசு வைத்தால் இன்னும் உறுதியன்றோ எனின், உருகிய ஈயம் இழைகளினூடே ஊறிச் சென்று வளையுங் கம்பியை விறைத்த குச்சியாக்கிவிடும். விறைப்பு முடியும் எல்லையில் வளைவு முழுவதும் குவிந்து, இழைகள் ஒவ்வொன்றாக அறும். அசையாத இடத்தில் இரு கம்பிகளை ஒட்டுதற்குப் பற்றாசு தக்கதே. அப்போதும் சூட்டிற் சுருங்கும் குழாயை ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியே இட்டு, ஒட்டுக்களை ஒரே வரிசையில் அமைக்காது ஏறியிறங்க அமைத்தல் வேண்டும்.

வட்டியக்கிகளுக்குரிய சாட்டா மின்கனெக்டரைப் பற்றியும் ஒன்று. அதன் 15 தொடுமுனைகளில் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் மூன்று உரியவை. முனை ஒன்று 1.5 ஆம்பியர் தாங்கும், ஆக 4.5 ஆம்பியர். பெரிய வட்டியக்கி ஒன்று சுழலத் தொடங்கும் கணத்தில் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் வாங்குவதால், ஒரே கனெக்டரிலிருந்து கிளைகள் பிரித்துப் பல வட்டியக்கிகளை மாட்டுதல் தகாது. பழைய நான்கு முனைக் கனெக்டரை இவ்வகைக்கு மாற்றித் தரும் துண்டுக் கேபிள்களில் இரு வகை உண்டு. ஒன்றில் ஒவ்வொரு முனையும் தனிக் குழியில் நிற்கும். மற்றொன்றில் கம்பிகளை வைத்து அவற்றின்மேல் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்திருப்பர். வார்ப்பில் கம்பிகள் சிறிது விலகினாலும் 12 வோல்ட்டும் அதன் அயல்முனையும் மயிரிழை தூரத்தில் நிற்கும். பிளாஸ்டிக் கரிந்து சிறிது சிறிதாக மின்சாரம் கசியுங்கால், மின்வழங்கியின் குறுஞ்சுற்றுக் காப்பு அதனை உணராமலும் போகும், தீப்பற்றியதும் உண்டு. வார்ப்பு வகையை விலை கருதி வாங்கற்க.

கேபிளை வாங்கினாலும் செய்தாலும் தாய்ப்பலகையோடு இணைக்குமுன் சோதித்தல் இன்றியமையாதது. மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையில், நீட்டிப்பின் ஒரு புறத்து முதல் முனையையும் மறுபுறத்து முதல் முனையையும் தொட்டு ஒலி எழுகின்றதா என்று காண்க. அடுத்த முனைகளைத் தொட்டு ஒலி எழாமையையும் காண்க. இருபத்துநான்கையும் இவ்வாறு பார்க்க ஐந்து நிமிடம் போதும். 20-ஆம் முனை வெறுமையாய் இருப்பது குற்றமன்று. பழைய எதிர்மின் 5 வோல்ட்டுக்குரிய இடம் அது, இப்போது வழக்கொழிந்தது. அடுத்து நீட்டிப்பை மின்வழங்கியோடு மட்டும் இணைத்து, 16-ஆம் முனையாகிய பச்சையைக் கறுப்பு முனை ஒன்றோடு சிறு கம்பியாற் சேர்த்தால் மின்வழங்கி இயங்கத் தொடங்கும். அந்நிலையில் நீட்டிப்பின் கடைசி நுனியில் ஒவ்வோர் அழுத்தத்தையும் அளந்து கொள்க. மின்வழங்கியின் பெட்டியை மட்டும் எக்காரணம் பற்றியும் திறவற்க. சுவரிலிருந்து பிடுங்கிய பின்னும் அதன் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருத்தல் கூடும்.

கணினி முழுதும் இயங்கத் தொடங்கிய பிறகு ஒருமுறை சும்மா இருக்கையிலும், ஒருமுறை பெருஞ்சுமையிலும், கனெக்டரின் பின்புறக் குழி வழியே அளவியின் ஊசியைச் செலுத்தி 12 வோல்ட்டை அளந்து எழுதி வைத்துக்கொள்ளலாம். நோக்கவேண்டியது தனி எண்ணன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. திரையில் மென்பொருள் காட்டும் எண் பலகையின் உணரிகளைப் பொறுத்துத் தவறக்கூடியதாகலின், அதனை அளவியின் எண்ணுக்கு நிகராகக் கொள்ளற்க.

நடுவிலுள்ள இணைப்பைத் தகட்டின் பின்னே நெருக்கித் திணிக்காது, கேபிள் இழுபடாமல் தளர்வாய்த் தங்கும் இடத்தில், கொக்கி முழுதும் விழுந்து கிளிக் என்று ஒலித்தபின் கட்டி வைக்க. ஒரு திங்கள் கழித்துக் கணினியை நிறுத்திக் கழற்றிப் பார்த்தால், வெள்ளையாயிருந்த கூடு பழுப்பேறியிருப்பினும், முனையின் வெள்ளீயப் பூச்சு மங்கிக் கறுத்திருப்பினும் தொடுகை தளர்ந்துவிட்டதென்று அறியலாம். அப்போது ஆண்புறம் பெண்புறம் இரண்டையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். ஒன்றை மட்டும் புதுக்கினால், வெப்பத்தில் வில்லிழந்த பழையது புதியதையும் சில நாளில் தன்னைப்போல் ஆக்கிவிடும்.